கல் என்று எழுதியிருந்த கிண்ணம்

டெல்லியில் இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒருத்தி என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டாள்.

மெட்ரோ நிலையத்தில் பைகளைச் சோதிக்கிற பெண் அவள். என் பை இயந்திரத்துக்குள் போய் வந்ததும் எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னாள். உள்ளே பஞ்சில் சுற்றிய மூன்று வெள்ளை பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். இது என்ன என்று இந்தியில் கேட்டாள். எனக்குத் தெரிந்த இந்தி மொத்தம் முப்பது வார்த்தை. அதில் தேடிப் பிடித்து "மிட்டி" என்றேன். மண் என்று அர்த்தம். அவள் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள், அதில் ஹரித்துவார் என்பது மட்டும் காதில் விழுந்தது. நான் பதில் சொல்வதற்குள் டப்பாவை மூடி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். பின்னால் நின்ற கூட்டம் எனக்கு வழிவிட்டது. கங்கையில் கரைக்கக் கொண்டுபோகிற அஸ்தி என்று நினைத்துவிட்டார்கள்.

இல்லையம்மா என்று விளக்க முப்பது வார்த்தை போதாது. துக்க முகத்தை வைத்துக்கொண்டு போய் ரயிலேறினேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது. உட்கார்ந்த பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பெண் நினைத்ததில் பெரிய தப்பும் இல்லை.

குப்பிகளில் இருந்தது இந்தியப் பெருங்கடலின் அடிச்சேறு. கடலின் மேல்மட்டத்தில் மிதந்தே வாழ்ந்து முடிக்கிற நுண்ணுயிர்களைப் பிளாங்டன் என்கிறோம். அதில் ஒரு வகை, ஃபோராம் என்று சுருக்கமாகச் சொல்வோம், சுண்ணாம்பில் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். ரவையில் பாதி அளவுகூட இருக்காது. செத்தால் ஓடு மெல்ல இறங்கி அடியில் படியும். ஒரு சென்டிமீட்டர் சேறு சேர ஆயிரம் வருடம்கூட ஆகும். கப்பலில் போய்த் துளை போட்டு அந்தச் சேற்றை நீள உருளையாக உருவி எடுப்பார்கள். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. எந்த அடுக்கில் எந்த ஓடு வருகிறது, எது காணாமல் போகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் அந்தந்தக் காலத்துக் கடலின் உடல்நிலை தெரிந்துவிடும்.

என் உருளையில், சுமார் ஐந்தரைக் கோடி வருடத்துக்கு முந்தைய இடத்தில், வெள்ளைச் சேறு சட்டென்று நின்று நாலு விரல் அகலத்துக்குச் செங்காவிக் களிமண் வரும். அப்புறம் மறுபடி வெள்ளை. அந்தக் காலத்தில், இப்போது நடக்கிற மாதிரியே, காற்றில் கரிவாயு ஏறி, பூமி சூடாகி, கடலும் சூடானது. அடிக்கடல் நீர் புளித்துப்போய்ச் சுண்ணாம்பு ஓடுகளைத் தின்றது. ஓடு சேராததால் அடுக்கு மெல்லிசாகவே நின்றது, மறுபடி வெள்ளை வர ஒரு லட்சம் வருடத்துக்கு மேல் பிடித்தது. இந்த நாலு விரல் அகலத்துக்குத்தான் நான் ஆறு வருடத்தைக் கொடுத்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்திக்கொண்டே, நாற்பத்தேழு வயதில் முனைவர் பட்டம். "அம்மா பாஸ் ஆயிட்டாளா?" என்று என் மகள் தொலைபேசியில் கேட்பாள். கேட்கிற தொனியில் அவள்தான் தாய் போலிருக்கும்.

பாஸ் ஆகவில்லை. ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். செங்காவி அடுக்கில் ஓடுகள் அரிக்கப்பட்டிருப்பது கடலின் வேலையா, அல்லது ஆய்வாளர் அவற்றைக் கழுவிய விதத்தின் வேலையா? படித்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பயம் வந்தது. ஏனென்றால் எனக்கே நிச்சயமில்லை. முதலில் கழுவியபோது நான் சேர்த்த மருந்து கொஞ்சம் காரம்தான். அது சின்ன ஓட்டைத் தின்றாலும் தின்றிருக்கும். மிச்சமிருந்தது மூன்று குப்பி. அடுக்குக்குக் கீழே உள்ள வெள்ளை முதல் குப்பி, மேலே உள்ள வெள்ளை இரண்டாவது, செங்காவி மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சேறு. டெல்லியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நல்ல சல்லடையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும் நாலு நாளைக்குத் தருகிறோம் என்றார்கள். பதமாகக் கழுவிக் காட்டிவிட்டால் பட்டம். இல்லாவிட்டால் ஆறு வருடம் சேற்றோடு போனது.

தங்கியது லோதி ரோட்டில், மாலதி வீட்டில். என்னோடு கல்லூரியில் படித்தவள், மதுரைக்காரி. மத்திய அரசு வேலையில் இருபது வருடமாக அங்கே அரசுக் குடியிருப்பில் இருக்கிறாள். ஜனவரிக் குளிரில் நான் நடுங்கிக்கொண்டு போய் நின்றதும் முதலில் சொன்ன செய்தி, வெந்நீர் கீசர் வேலை செய்யவில்லை என்பது.

"எலக்ட்ரீஷியன் கல் வர்றேன்னிருக்கான்டி. இன்னைக்கு அடுப்புல சுட வச்சுக் குளி."

"கல் எதுக்கு வருது?"

மாலதி சிரித்து முடிக்க நேரமாயிற்று. இந்தியில் கல் என்றால் நாளை. என் வார்த்தைக் கணக்கு முப்பத்தொன்று ஆயிற்று.

அன்று மாலை முழுக்கப் பட்டாணி உரித்தோம். ஜனவரியில் டெல்லியில் யார் வீட்டுக்குப் போனாலும் மடியில் ஒரு தட்டு பட்டாணியை வைத்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பட்டாணி என்றால் முதல் நாளே ஊறவைக்கிற காய்ந்த சமாச்சாரம். இங்கே பச்சையாக வாயில் போட்டால் இனிக்கிறது. உரித்ததில் பாதியை நான் தின்றுவிட்டேன் என்று மாலதி குற்றம் சாட்டினாள். உண்மைதான்.

இரண்டாம் நாள் காலை சரியான எண் பஸ்ஸில் ஏறி, தப்பான திசையில் போனேன். பனிமூட்டத்தில் எதிர்ச் சாரியே தெரியவில்லை, நான் என்ன செய்வேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்து, சாப்பாடு ஆறிவிடும், சால்வைக்குள் வைத்துக்கொள் என்று கையைக் காட்டிச் சொன்னார். அப்படியே வைத்துக்கொண்டேன். கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, அதே நடத்துனரிடம் இரண்டாவது டிக்கெட் வாங்கினேன். அவர் இந்தத் தடவை என்னை எழுந்து போகவிடாமல் கண்காணித்து, சரியான இடத்தில் பெயர் சொல்லி இறக்கிவிட்டார். திருச்சியில் என்றால் பஸ்ஸில் உள்ள அத்தனை பேரும் யோசனை சொல்லி என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆய்வுக்கூடத்தில் உதவிக்கு விட்டிருந்த பெண் என் பெயரைக் கேட்டதுமே "தமிழா மேடம்?" என்றாள். பெயர் செல்வி, முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா அம்மா சேலத்துப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் வீடுகளில் அம்மா பாத்திரம் தேய்க்க, இவள் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்திருக்கிறாள். அப்புறம் கல்யாணம், குழந்தை, இந்தி. இங்கே ஒப்பந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம். பத்து நிமிடத்தில் மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

வேலையில் கெட்டிக்காரி. சேற்றை ஊறவைப்பதும், சல்லடையில் ஊற்றித் தண்ணீரைப் பூப்போல விடுவதும், நின்ற துகளை வடிதாளில் காயவைப்பதும் பார்க்கவே சுகமாக இருந்தது. சல்லடையை நான் ஆட்டினால் மாவு சலிப்பது போலிருக்கும். அவள் ஆட்டினால் தொட்டில் ஆடுவது போலிருந்தது. குறைந்த மருந்து, குறைந்த சூடு. முதல் குப்பி மத்தியானத்துக்குள் முடிந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஓடுகள் முழுசாக, பிதுங்கின திராட்சைக் கொத்து மாதிரி, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

பெயர் ஒட்டும் வேலையில்தான் வந்தது வினை. அவள் வழக்கப்படி இந்தியில் எழுதப் போனாள். "எனக்கு அது படிக்கத் தெரியாது. தமிழ்லயே எழுதும்மா" என்றேன். அவளுக்குச் சந்தோஷம். நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு எழுதி ஒட்டினாள். "1 - கலுவியாச்சு."

நான் சிரித்துவிட்டேன். சாதாரணச் சிரிப்பில்லை, இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிறவளின் சிரிப்பு. "கலுவினா அது என்ன கழுவல்? மூணு ல இருக்கு, அதுல ஒண்ணைப் பிடிச்சு இப்படி வாட்டலாமா?" என்று கேலி வேறு செய்தேன். அவளும் சிரித்தாள். "அச்சா அச்சா, மறந்தே போச்சுங்க்கா" என்று காதுவரை சிவந்து, ழ போட்டு மாற்றி எழுதினாள். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன். மறக்காமல் இருந்திருக்கலாம்.

மத்தியானம் அவள் டப்பாவில் சப்பாத்தியும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும் இருந்தன. சப்பாத்திக்குக் காரக்குழம்பு தொட்டுக்கொள்வதை என் வாழ்நாளில் முதன்முதலாகச் செய்தேன். நன்றாகவே இருந்தது. எங்கள் ஊருக்குச் சொன்னால் சாதி விலக்கு செய்துவிடுவார்கள்.

சாயங்காலம் லோதி ரோட்டில் கீசர் அப்படியே இருந்தது. மாலதி எலக்ட்ரீஷியனைத் தொலைபேசியில் பிடித்தாள். அவன் உரக்கப் பேசியது எனக்கும் கேட்டது, அதில் மறுபடி கல்.

"நாளைக்கா?" என்றேன்.

"இல்லடி. நேத்து வந்தானாம், வீடு பூட்டியிருந்துச்சாம். புளுகுறான்."

"கல்லுன்னா நாளைன்னு நீதானே சொன்னே?"

"நேத்தும் கல்தான், நாளைக்கும் கல்தான். பின்னாடி என்ன வருதுன்னு பாத்துத்தான் எதுன்னு சொல்லணும்."

"அப்ப இன்னைக்குன்னா?"

"இன்னைக்கு அவன் வரமாட்டான்."

நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை கோடிப் பேர் எப்படி ரயிலைப் பிடிக்கிறார்கள் என்று அன்று ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரை நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று பின்னால் நான் சாக்குச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் இரண்டாவது குப்பி. அதுவும் சுத்தம், ஓடுகள் முழுசு. ஆக, இந்தக் கழுவல் எதையும் தின்னவில்லை என்று நிரூபித்தாகிவிட்டது. இனி அதே கழுவலில் செங்காவிக் களிமண்ணைக் காட்டினால் போதும். சந்தோஷத்தில் வாசலிலிருந்த தள்ளுவண்டியில் முள்ளங்கி பராத்தா வாங்கித் தின்று, அதன் காரத்துக்கு இஞ்சி டீ குடித்து, இஞ்சியின் காரத்துக்கு மறுபடி பராத்தா தின்றேன்.

கிளம்பும்போது இரண்டாம் சேற்றில் கொஞ்சம் கரையாத கட்டிகள் சல்லடையில் நின்றன. "கல்லு மாதிரி நிக்கிறதைத் தனியா ஒரு கிண்ணத்துல போட்டு வை செல்வி. காலையில பாத்துட்டுக் கொட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் முதல் இரண்டு மாதிரிகளுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் மூன்றாவதை ஊறப் போட்டுவிட வேண்டும் என்று சீக்கிரமே போய்விட்டேன். மூட்டம் அப்படி இருந்தது, பஸ்கள் ஊர்ந்தன. செல்வி வந்திருக்கவில்லை. வெளிக் குளிரிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணாடி பனித்துப்போனது. துடைத்துப் போட்டுக்கொண்டு மேஜையைப் பார்த்தேன். என் மூன்று குப்பிகளும் தாங்கியில் மூடியோடு நின்றன. பக்கத்தில் ஒரே ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் சில்லு சில்லான துண்டுகள். கிண்ணத்தின் மேல் ஒட்டியிருந்த தாளில், அழகாக, தமிழில்: கல்.

கல்தான், கொட்டிவிடலாம். வெள்ளைச் சேற்றின் கட்டி ஏன் பழுப்பாக இருக்கிறது என்றுகூட நான் யோசிக்கவில்லை. மூன்றாவதை ஊறப்போடக் கிண்ணமும் வேண்டியிருந்தது. தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்து விட்டேன். இரண்டு முறை அலசினேன். சுத்தத்தில் எனக்குக் குறை வைக்கத் தெரியாது.

கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது செல்வி மூச்சிரைக்க வந்தாள். "பஸ்ஸே இல்லீங்க்கா. ஒரு ஷேர் ஆட்டோல, ஜல்தி பையா ஜல்தி பையான்னு கெஞ்சிக்கிட்டே வந்தேன்." ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே மேஜையைப் பார்த்தாள். "அந்தக் கல் வாலா கிண்ணம் எங்கங்க்கா?"

"கல்லா? அதைத்தான் கொட்டிட்டேன்."

"கொட்டி? நீங்களே சலிச்சிட்டீங்களா?"

"கல்லை எதுக்குச் சலிக்கிறது? தொட்டியில கொட்டித் தண்ணி விட்டாச்சு."

செல்வியின் ஒரு கை ஸ்வெட்டருக்குள்ளேயே நின்றுவிட்டது. "அது கல்லு இல்லீங்க்கா. கல். நாளைக்கு. நாளைக்குச் செய்யறதுன்னு எழுதினேன். மூணாம் நம்பருங்க்கா அது. காய வச்சு எடை போட்டு ரெடியா வச்சிட்டுப் போனேன்."

நான் குப்பியை எடுத்துத் திறந்தேன். காலி.

அதற்கப்புறம் நான் பேசியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கல் என்று யாராவது எழுதுவார்களா, நாளை என்று எழுத வராதா, தமிழ்ப் பள்ளியில் எட்டு வருடம் என்ன கிழித்தாய். என்ன கிழித்தாய் என்று கேட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாளைக்குன்னு எழுதத்தாங்க்கா பேனாவை எடுத்தேன். எந்த ளன்னு வரல. தப்பா எழுதினா நீங்க சிரிப்பீங்க. இந்திக் கல்லுக்குச் சாதா ல தானே, அது எனக்கு நல்லா தெரியும். அதான்."

இந்தியில் எழுதாதே என்று சொன்னது நான். எழுதியதற்குச் சிரித்தது நான். கல்லைக் கிண்ணத்தில் போடச் சொன்னதும், அதைக் கவிழ்த்ததும், குழாயைத் திறந்ததும் நானே. இரண்டு ராத்திரியாக மாலதியோடு உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கிண்டல் செய்தவளும் நான்தான். தமிழ் எழுத்தில் இருந்ததால் தமிழ் என்று நினைத்துவிட்டேன்.

"அப்ப நேத்து நான் சொன்ன கல்லு?" என்றேன், கேட்க வேறு ஒன்றும் இல்லாமல்.

"அது கல்லே இல்லீங்க்கா. விரல்ல தேச்சதும் கரைஞ்சிடுச்சு."

தொட்டிக்குக் கீழே ஒரு வாளி உண்டு. கழுவிய சேறு போய்க் குழாயை அடைத்துவிடாமல் தேங்குவதற்காக வைப்பார்கள். செல்வி குனிந்து அதை இழுத்தாள். பல மாதச் சேறு, சாம்பல் கூழாகக் கிடந்தது. மேலே மெல்லிசாக ஒரு பழுப்புப் படலம். என் களிமண். ஒரு துளி உறிஞ்சி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஓடுகள், எத்தனையோ ஓடுகள், பளபளவென்று. யார் யாரோ கொண்டுவந்த வங்காள விரிகுடாவும் அரபிக்கடலும் என் ஐந்தரைக் கோடி வருடமும் ஒரே வாளியில் கலந்து கிடந்தன. அதிலிருந்து எனக்கு வேண்டிய மாதிரி நாலு அரித்த ஓட்டைப் பொறுக்கி எடுத்து இதுதான் என்று காட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தட்டைத் துடைத்துவிட்டேன்.

முடிந்தது என்று நினைத்தேன். திருச்சிக்குப் போய் வகுப்பெடுக்கலாம். அரியலூர்ப் பக்கம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று வெயிலில் நின்று சொல்லலாம். மகளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

செல்வி காலிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க்கா."

"இருந்து?"

"வீட்டுல சட்னி அரைச்சா மிக்ஸி கழுவுன தண்ணியைக் கொட்டிடுவீங்களா?"

அவளைப் பார்த்தேன். எந்த வீட்டில் கொட்டுவார்கள்? ஜாரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, குலுக்கி, அதையும் சட்னியிலேயே ஊற்றுவோம். கொட்டினால் அம்மாவிடம் வசவு வாங்காத பெண் எங்கள் பக்கத்தில் இல்லை. டெல்லியில் பிறந்த செல்விக்கும் அதே வசவுதான் விழுந்திருக்கிறது.

மருந்தே இல்லாமல், வெறும் சுத்தத் தண்ணீரை அவள் சொட்டுச் சொட்டாகக் குப்பிக்குள் விட்டாள். மூடிக்கு உட்புறத்தையும் விடவில்லை. குலுக்கினாள். உள்ளங்கை அளவு சல்லடையில் ஊற்றினாள். அடுப்பில் வைக்காமல் மேஜை விளக்குக்குக் கீழே காய வைத்தோம். காய்ந்த பிறகு வடிதாளில் ஒரு சிட்டிகைத் தூசு, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் என் பிரஷ் ஒரே ஓட்டை இரண்டு தடவை தவறவிட்டது. "தள்ளுங்க்கா" என்று அவள் உட்கார்ந்தாள். ஈரப் பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். தூசு, தூசு, ஓடு. தூசு, ஓடு. எண்ணிக்கொண்டே வந்தோம். பதினொன்று.

கணக்கெடுப்புக்குப் பதினொன்று போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆனால் தேர்வாளர் கேட்டது எத்தனை என்று இல்லை, யார் தின்றது என்று. பத்து மணிக்குத் தந்த முறையைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டுக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் திரையில் முதல் ஓடு வந்தது. வாயில் போட்டு அரைவாசி சப்பித் துப்பிய கற்கண்டு மாதிரி, விளிம்பு மழுங்கி, சுவர் மெலிந்து, துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. இவற்றின்மேல் நான் ஒரு சொட்டு மருந்து விடவில்லை. சூடு காட்டவில்லை. பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. தின்றது கடல்தான். கிண்ணத்திலிருந்ததை ஒழுங்காகக் கழுவியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமான பதில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இப்படிச் சொல்வதால் நான் செய்தது சரியாகிவிடாது.

ஒன்பதாவது ஓடு வேறு மாதிரி இருந்தது. தட்டையாக, அறைகள் நீண்டு நீண்டு, கை விரித்த மாதிரி. இந்தச் சூட்டுக் காலத்தில் மட்டும் வந்த வகை அது. சூட்டோடு வந்து, கடல் ஆறியதும் போய்விட்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதையும் பார்த்தாயிற்று.

எனக்கு அழுகை வந்தது. செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா. நான் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவள் நெளிந்தாள். "அரே விடுங்க்கா. எங்க சார் இதைவிட மோசமாப் பேசுவார். ஆனா அவர் இந்தில பேசுவார், அது அவ்வளவா ஒறைக்காது" என்றாள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பதிவேடு உண்டு. எந்த மாதிரி வீணானாலும் காரணம் எழுத வேண்டும். செல்வி அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளுடையது ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிப்பது. "மூன்றாம் மாதிரியைக் குப்பை என்று நினைத்து நானே கொட்டிவிட்டேன். பெயர்த்தாள் சரியாகவே ஒட்டப்பட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரியாதது என் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதையேதான் ஆய்வேட்டிலும் எழுதப் போகிறேன், இன்னும் கொஞ்சம் கௌரவமான மொழியில். பதினொரு ஓடுகள் எப்படிக் கிடைத்தன என்ற இடத்தில் மிக்ஸி ஜாரை எப்படிச் சொல்வது என்பதுதான் யோசனை.

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும் நாள். மாலதி வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வந்துவிட்டான். நான் கிளம்புகிற அன்று. வெந்நீரில் குளித்துவிட்டு, சிவப்புக் கேரட் அல்வா ஒரு டப்பா கட்டிக்கொண்டு, கடைசியாக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பதினொரு ஓடுகளையும் செல்வி சின்ன அட்டைச் சில்லில் வரிசையாக ஒட்டி, கண்ணாடி மூடி வைத்திருந்தாள். பெயர்த்தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நீயே எழுது."

"என்னன்னுங்க்கா?"

"அன்னைக்கு எழுதினதையே எழுது."

சிரித்தாள். நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு எழுதினாள். கல். மை காய்வதற்காக ஊதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கல்லுன்னு ஊர்ல யாராச்சும் கேட்டா என்னங்க்கா சொல்லுவீங்க? நேத்தா, நாளைக்கா?"

ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இன்னும் விலகவில்லை. எதிர்க் கட்டடம் இல்லை, சாலை இல்லை, ஹாரன் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் அட்டைச் சில்லைப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்தேன்.

"பின்னாடி என்ன வருதுன்னு பாத்துத்தான் சொல்லணும்" என்றேன்.

செல்வி அதை இந்தி இலக்கணம் என்று எடுத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.